நெடியோர் வேண்டும்! கூடைப்பந்தும் இயற்பியலும்

கல்லூரிகளில் மாணவர் சேர்க்கை தொடங்கிவிட்டால் உடற்கல்வி இயக்குநர்களின் கண்கள் ஒரு தனி வகை மாணவனைத் தேடத் தொடங்கும். வகுப்பறை வாயிலில் தலை இடிக்காமல் குனிந்து நுழையும் மாணவனே அவன். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து பழங்காநத்தம் வழியாகத் திருப்பரங்குன்றம் செல்லும் நகரப் பேருந்தில், கூரைக் கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தத் தேவையில்லாமல் முழங்கையை மடக்கிப் பிடித்து நிற்கும் இளைஞன் ஒருவனைக் கண்டால், "தம்பி, கூடைப்பந்து ஆடுவாயா?" என்று கேட்கத் தோன்றாத பயிற்றுநர் இல்லை.

உயரம் கூடைப்பந்தாட்டத்தில் உதவும் என்பது சிறுவர்க்கும் தெரிந்ததே. ஆனால் அது எவ்வளவு உதவும்? எதில் உதவாது? உயரமான இளைஞர்கள் ஏன் இத்தனை அரிதாகக் கிடைக்கிறார்கள்? உயரத்துக்காகவே ஒருவனைத் தேர்ந்தெடுக்கும்போது அவனைப் பொறுத்து நாம் கவனிக்க வேண்டியவை யாவை? இவற்றுக்கு இயற்பியலும் உடலியலும் புள்ளியியலும் தெளிவான விடைகளைத் தருகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பத்தடி உயரத்தின் கதை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊர் உள்ளது. அங்கே 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஓர் ஆட்டம் வகுத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்துக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. அன்று தற்செயலாக அமைந்த அந்த அளவு இன்றுவரை மாறவில்லை. உலகெங்கும் கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்திலேயே இருக்கிறது. மனிதர்கள் உயர்ந்தார்கள்; வளையம் உயரவில்லை.

ஒருவர் நின்றபடி கையை நேராக மேலே தூக்கினால் விரல்நுனி எட்டும் உயரம், அவருடைய உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்கு இருக்கும். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது 221 செ.மீ.; 218 செ.மீ. உயரமுள்ளவருக்கு 283 செ.மீ. ஆகவே வளையத்தைத் தொட முதலாமவர் 84 செ.மீ. குதிக்க வேண்டும், இரண்டாமவருக்கு 22 செ.மீ. போதும்.

இவற்றை விசையும் காலமுமாக மாற்றிப் பார்ப்போம். 84 செ.மீ. எழும்பத் தரையை விட்டு நொடிக்கு 4.06 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். 22 செ.மீ. எழும்ப அதில் ஏறத்தாழ பாதி, அதாவது 2.08 மீட்டர் வேகம் போதும். மேலே செல்ல ஆகும் நேரமும் அவ்வாறே. குள்ளமானவர் 0.41 நொடியில் வளையத்தை எட்டுவார், நெடியவர் 0.21 நொடியில் எட்டிவிடுவார். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எடுக்கும் போட்டியில் இந்த ஐந்தில் ஒரு நொடியே வெற்றியைத் தீர்மானிக்கிறது. தரைக்குத் திரும்பி இரண்டாம் முறை எழுவதிலும் நெடியவரே முந்துவார்.

மாணவர்கள் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். விரலில் சுண்ணக்கட்டித் தூளைத் தடவிக்கொண்டு சுவர் ஓரமாக நின்று, எட்டும் உயரத்தில் ஒரு புள்ளி வைக்கவும். பின் இயன்றவரை குதித்து இன்னொரு புள்ளி வைக்கவும். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே உங்கள் குதிப்பு. அதை மீட்டரில் அளந்து, 19.6 ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் நீங்கள் தரையை விட்டுக் கிளம்பிய வேகம் கிடைக்கும்.

பந்து செல்லும் பாதை

உயரத்தின் இரண்டாவது நன்மை அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வளையத்தின் உள்விட்டம் 45 செ.மீ.; பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 செ.மீ. நேர் மேலிருந்து பார்த்தால் வளையம் வட்டமாகத் தெரியும். சாய்வாக வரும் பந்துக்கோ அது ஒடுங்கிய நீள்வட்டமாகவே "தெரியும்". பந்து கிடைமட்டத்துடன் 32 பாகைக்கும் குறைந்த கோணத்தில் வந்தால், வளையத்தைத் தொடாமல் உள்ளே நுழைய வழியே இல்லை.

தனி எறி என்னும் ஃப்ரீ த்ரோவை எடுத்துக்கொள்வோம். எறிபவருக்கும் வளையத்தின் நடுவுக்கும் இடையே கிடைமட்டத் தொலைவு சுமார் 4.2 மீட்டர். ஒருவர் பந்தை 2.05 மீட்டர் உயரத்திலிருந்து விடுகிறார் என்றும், மற்றவர் 2.55 மீட்டர் உயரத்திலிருந்து விடுகிறார் என்றும் கொள்வோம். இருவரும் மிகக் குறைந்த வேகத்தில் கூடையை எட்டும் பாதையையே தேர்ந்தெடுத்தால் கணக்கு இவ்வாறு வரும். முதலாமவர் 51.7 பாகைக் கோணத்தில் நொடிக்கு 7.22 மீட்டர் வேகத்தில் எறிய வேண்டும். பந்து 38.3 பாகையில் கூடைக்குள் இறங்கும். இரண்டாமவருக்கு 48.4 பாகையும் 6.81 மீட்டர் வேகமும் போதும். அவருடைய பந்து 41.6 பாகையில் இறங்கும்.

மூன்று பாகை வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் முதற்பந்துக்குக் கிடைக்கும் வாயிலின் அகலம் 28 செ.மீ.; இரண்டாவது பந்துக்குக் கிடைப்பது 30 செ.மீ. பந்தின் விட்டமான 24 செ.மீ.யைக் கழித்தால், பிழைக்கு மிஞ்சும் இடம் 4 செ.மீ.யும் 6 செ.மீ.யும் ஆகும். ஒன்றரை மடங்கு! எறியத் தேவையான ஆற்றலும் நெடியவருக்குப் பதினொரு விழுக்காடு குறைவு.

அப்படியானால் நெடியவர்கள் யாவரும் தனி எறியில் வல்லவர்களாக இருக்க வேண்டுமே? இங்குதான் கணிதம் ஆட்டக்காரனிடம் தோற்கிறது. 216 செ.மீ. உயரமுள்ள வில்ட் சேம்பர்லின் தம் ஆட்டவாழ்வு முழுவதிலும் எடுத்த தனி எறிகளில் பாதியளவே கூடையில் விழுந்தன. ஆனால் 1962 மார்ச் 2 ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் குவித்து அவர் உலகை வியக்க வைத்தார். அன்று 32 தனி எறிகளில் 28 கூடையில் விழுந்தன. அந்தப் பருவத்தில் அவர் பந்தை இரு கைகளாலும் கீழிருந்து மேலாகத் தூக்கி எறியும் முறையைக் கையாண்டார். பின்னர் அது பார்க்க நன்றாக இல்லை என்று விட்டுவிட்டார். உயரம் வாயிலை அகலப்படுத்தும். பந்தை அதற்குள் செலுத்துவது பயிற்சியே.

விதிகளை மாற்றிய நெடியவர்கள்

நெடியவர்களை எவ்வாறு பயன்படுத்துவது என்று அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் தொடக்கத்தில் தெரியவில்லை. அவர்களைத் தடுமாறுபவர்கள் என்றே ஒதுக்கினர். 208 செ.மீ. உயரமும் தடித்த மூக்குக்கண்ணாடியும் கொண்ட ஜார்ஜ் மைக்கன் என்ற மாணவர் 1942 இல் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ரே மேயர் என்ற இளம் பயிற்றுநர் அவரைக் கயிறு தாண்டச் செய்தார். குத்துச்சண்டைப் பயிற்சி தந்தார். நடனமும் கற்கச் செய்தார். கூடையின் கீழ் நின்று வலக்கையாலும் இடக்கையாலும் மாறி மாறிப் பந்தைப் போடும் பயிற்சியை நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை செய்ய வைத்தார். இன்றும் உலகெங்கும் சிறுவர்கள் செய்யும் அப்பயிற்சிக்கு "மைக்கன் பயிற்சி" என்றே பெயர்.

மைக்கனும், ஒக்லஹோமாவில் ஆடிய ஏழடி உயர பாப் கர்லண்டும் கூடைக்குள் இறங்கும் பந்துகளை வளையத்தின் மேலேயே தட்டிவிட்டனர். அதனால் இறங்கும் பந்தைத் தடுக்கக் கூடாது என்ற விதி 1944 இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் வந்தது. தொழில்முறை ஆட்டத்தில் கூடையின் கீழுள்ள தடைப்பகுதியின் அகலம் 6 அடியாக இருந்தது. மைக்கனால் அது 1951 இல் 12 அடியாயிற்று. சேம்பர்லின் காலத்தில், 1964 இல், 16 அடியாயிற்று. பந்தை மேலிருந்து கூடைக்குள் திணிப்பதை அமெரிக்கக் கல்லூரிகள் 1967 முதல் 1976 வரை தடைசெய்தே வைத்திருந்தன. வளையத்தை உயர்த்த மனமில்லாதவர்கள் விதிகளை உயர்த்தினார்கள் எனலாம்.

கலிலியோ சொன்ன எச்சரிக்கை

உயரத்துக்கு விலையும் உண்டு. பெரிய விலங்கின் எலும்பு சிறிய விலங்கின் எலும்பைப் பெருக்கிய வடிவமாக மட்டும் இருந்தால் தாங்காது என்று கலிலியோ 1638 இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். அதே கணக்கை மனிதனுக்கும் போட்டுப் பார்ப்போம். 170 செ.மீ. உயரமும் 65 கி.கி. எடையும் உள்ள ஒருவரை எல்லாத் திசையிலும் 1.2 மடங்கு பெருக்கினால் உயரம் 204 செ.மீ. ஆகும். எலும்பின் குறுக்குப் பரப்பு 1.44 மடங்கு ஆகும். எடையோ 1.73 மடங்கு ஏறி 112 கி.கி. ஆகிவிடும். எலும்பின் ஒவ்வொரு சதுர செ.மீ.யும் தாங்கும் சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. குதித்துத் தரையில் இறங்கும்போது முழங்காலும் பாதமும் உடல் எடையைப்போல் பல மடங்கு விசையைத் தாங்குகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 229 செ.மீ. உயரமுள்ள சீன வீரர் யாவ் மிங் பாதக் காயங்கள் ஆறாமல் 2011 இல் ஓய்வு பெற்றது இதனாலேயே வியப்பானதன்று.

திரும்புவதிலும் சிக்கல் உண்டு. சுழலும் பொருளின் நிலைமத் திருப்புத்திறன், வடிவம் மாறாதிருந்தால், நீளத்தின் ஐந்தாம் அடுக்காகப் பெருகும். 1.2 மடங்கு உயர்ந்தவருக்கு அது ஏறத்தாழ 2.5 மடங்கு. தசைகள் தரும் திருப்பு விசையோ 1.73 மடங்கே பெருகும். ஆகவே அவர் உடலைத் திருப்பத் தொடங்கும் விரைவு சுமார் 30 விழுக்காடு குறைகிறது. நேராக ஓடுவதில் இவ்வளவு குறையில்லை. கால் ஓர் ஊசல்போல் ஆட எடுக்கும் நேரம் பத்து விழுக்காடுதான் கூடும். எட்டு வைக்கும் நீளம் இருபது விழுக்காடு கூடிவிடுகிறது. எனவே நெடியவரை ஆடுகளத்தின் நெடுக்கே ஓடவிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது தவறான சோதனையாகும். நின்ற இடத்தில் திரும்பவும், பக்கவாட்டில் நகரவும் விட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. மேயர் தம் மாணவனுக்கு நடனம் கற்பித்ததன் பொருள் இப்போது விளங்கும்.

"கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று குள்ளரைப் பழித்த நம் ஊர், நெட்டையரையும் விட்டுவைக்கவில்லை. பனைமரம், கொக்கு என்ற பட்டப்பெயர்களோடு "மூளைக்கு எட்ட நேரமாகும்" என்ற கேலியும் உண்டு. நரம்பின் வழியே செய்தி நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. கால் 30 செ.மீ. நீண்டிருந்தால், போய்வர ஆகும் கூடுதல் நேரம் நூற்றில் ஒரு நொடியே. ஆகவே கேலிக்கு அறிவியலில் இடமில்லை. ஓராண்டில் 9 செ.மீ. வரை வளரும் பருவத்தில் ஒரு சிறுவன் தன் கைகால்களின் புதிய அளவுக்குப் பழகச் சில மாதங்கள் தடுமாறலாம், அவ்வளவே.

எத்தனை பேர் கிடைப்பார்கள்?

மனித உயரம் இயல்நிலைப் பரவலை ஒட்டி அமைகிறது. நடுவே கூட்டம் மிகுதி. இருபுறமும் மணியின் விளிம்புபோல் சரிந்துவிடும். இந்திய ஆடவரின் சராசரி உயரம் 165 செ.மீ. அளவில் உள்ளது. திட்ட விலக்கத்தை 6.5 செ.மீ. என்று கொண்டு கணக்கிட்டால், 185 செ.மீ.யைத் தாண்டுபவர் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர், 190 செ.மீ.யைத் தாண்டுபவர் 17,000 பேரில் ஒருவர், 195 செ.மீ.யைத் தாண்டுபவர் ஐந்து இலட்சத்தில் ஒருவர். மூவாயிரம் ஆண் மாணவர்கள் பயிலும் ஒரு கல்லூரியில் 185 செ.மீ.க்கு மேற்பட்டவர் மூவர் இருந்தால் அதுவே இயல்பு.

இக்கணக்கில் ஒரு விந்தை உண்டு. சராசரி வெறும் 5 செ.மீ. உயர்ந்து 170 செ.மீ. ஆனால், 190 செ.மீ.யைத் தாண்டுவோர் 17,000 இல் ஒருவர் என்பது ஆயிரத்தில் ஒருவர் என்றாகிவிடும். சராசரியில் சிறு மாற்றம். விளிம்பில் பதினேழு மடங்கு மாற்றம்! இந்தியாவின் நெடிய ஆட்டக்காரர்கள் பலர் பஞ்சாபிலிருந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தைப் பருவத்தில் பாலும் பருப்பும் முட்டையும் நோயற்ற வாழ்வும் கிடைத்தால் தலைமுறைக்குத் தலைமுறை சராசரி உயரும். அப்போது விளிம்பிலும் ஆட்கள் பெருகுவார்கள். பள்ளிச் சத்துணவுக்கும் கூடைப்பந்து அணிக்கும் உள்ள தொடர்பு இதுவே.

பஞ்சாபின் ஒரு சிற்றூரிலிருந்து

பஞ்சாபின் பல்லோ கே என்னும் சிற்றூரில் 1995 இல் பிறந்தவர் சத்னாம் சிங். தந்தை உழவர், அவரும் ஏழடியைத் தாண்டியவர். சிறுவனை லூதியானா கூடைப்பந்து அகாடெமியில் சேர்த்தனர். கிராமங்களில் நெடிய சிறுவர்களைத் தேடிப் பயிற்சி தந்த சங்கரன் சுப்பிரமணியன் என்ற பயிற்றுநரால் பெயர்பெற்ற இடம் அது. 2010 இல், பதினான்கு வயதில், உதவித்தொகை பெற்று சத்னாம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பயிற்சிப்பள்ளிக்குச் சென்றார். அப்போது அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

2015 இல் 218 செ.மீ. உயரத்துடன், என்.பி.ஏ. தேர்வில் 52 ஆவது இடத்தில் டல்லஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் அவரே. நாடே மகிழ்ந்த அச்செய்தியின் மறுபக்கம் அதிகம் பேசப்படவில்லை. அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடுவதற்கு வேண்டிய கல்வித் தகுதி அவருக்கு அமையவில்லை. அதனால் கல்லூரியில் ஆடிப் பக்குவப்படும் ஆண்டுகள் அவருக்குக் கிடைக்காமலேயே போயின. டல்லஸின் துணை அணியில் இரு பருவங்கள் ஆடினார். முதன்மை அணிக்காக ஓர் ஆட்டத்திலும் இறங்க வாய்க்கவில்லை.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டு நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 1963 இல் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவான். கால்பந்தும் கைப்பந்தும் ஆடி வளர்ந்த அவர் பதினைந்து வயதளவில்தான் கூடைப்பந்தைத் தொட்டார். 1980 இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலாண்டில் அவரைப் போட்டியில் இறக்காமல் பயிற்சி மட்டுமே தந்தனர். 1984 இல் என்.பி.ஏ. தேர்வில் முதலிடம், 1994, 1995 ஆம் ஆண்டுகளில் தம் அணிக்குச் சாம்பியன் பட்டம். பழைய ஆட்டங்களில் கற்ற காலசைவு அவரிடம் கடைசிவரை நின்றது. நெடியவர்களைக் கூடைப்பந்துக் களத்தில் மட்டும் தேட வேண்டியதில்லை என்பது இதன் பாடம். திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்துச் சிற்றூர்களின் கபடிக் களங்களிலும் வாலிபால் திடல்களிலும் தேடலாம்.

தேர்ந்தெடுக்கும் முன்

நெடிய இளைஞன் ஒருவன் கிடைத்துவிட்டான் என்றே கொள்வோம். அளவு நாடாவை எடுக்கும் முன் நான்கு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும்.

முதலாவது, வயது. பதின்மூன்று வயதில் எல்லோரையும்விட உயர்ந்து நிற்பவன் முன்னதாகவே பருவமெய்தியவனாக இருக்கலாம். அவன் வளர்ச்சி முன்னதாகவே நின்றும் விடலாம். நீண்ட எலும்புகளின் முனையிலுள்ள வளர்தகடுகள் மூடிக்கொண்டால் அதன்பின் உயர வழியில்லை. ஆடவரில் இது பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதளவில் நிகழ்கிறது. சிறுவனின் எதிர்கால உயரத்தைத் தோராயமாக அறிய, தாய் தந்தையர் உயரங்களைக் கூட்டி, 13 செ.மீ. சேர்த்து, இரண்டால் வகுக்கலாம். இவ்விடையில் 8 செ.மீ. கூடவோ குறையவோ செய்யலாம்.

இரண்டாவது, கைநீளம். இரு கைகளையும் விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி உள்ள நீளம் பெரும்பாலோர்க்கு உயரத்துக்குச் சமம். அது கூடுதலாக இருந்தால் பயிற்றுநர் மகிழ்வார். ஆனால் மிகக் கூடுதலாக இருந்தால் மருத்துவர் கவலைப்படுவார்.

மூன்றாவது செய்தி அதுவே. மார்ஃபன் நோய் என்னும் மரபுக் குறைபாடு ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒருவருக்கு உள்ளது. நெடிய மெலிந்த உடல், மிக நீண்ட கைகள், நீண்ட மெல்லிய விரல்கள், கிட்டப்பார்வை ஆகியவை இதன் அடையாளங்கள். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடினால் அதன் நுனி மறுபக்கம் துருத்திக்கொண்டு தெரியும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவர் இவர்களுக்கு வலுவற்றது. கடும் முயற்சியின்போது அது கிழியக்கூடும். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளிப்பதக்கம் வென்ற அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃபுளோ ஹைமன், 1986 ஜனவரியில் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின் இடையே இருக்கையில் அமர்ந்திருந்தபோது சரிந்து இறந்தார். அவருக்கு இந்நோய் இருந்தது இறந்த பின்னரே தெரிந்தது. 2014 இல் ஐசையா ஆஸ்டின் என்ற ஏழடி உயரக் கல்லூரி வீரருக்கு என்.பி.ஏ. தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன் நடந்த மருத்துவச் சோதனையில் இது கண்டறியப்பட்டது. இருவருக்கும் இடையில் நின்றது ஒரு சோதனைதான். அணியில் சேர்க்கப்படும் நெடிய இளைஞர் ஒவ்வொருவருக்கும் இதய எக்கோ சோதனை செய்துவிடுவது நல்லது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதற்கு வசதி உண்டு. எந்தப் பயிற்றுநரும் எந்தப் பண்பைத் தேடி அலைகிறாரோ, அதே பண்பு இந்நோயின் முகமாகவும் இருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது.

நான்காவது, படிப்பு. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரும் மாணவன் மூன்றாண்டு ஆடுவான். முழங்காலில் ஒரு தசைநார் அறுந்தால் ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிடவும் கூடும். அப்போது அவன் கையில் எஞ்சுவது பட்டம் ஒன்றே. பயிற்சிக்காகத் தவறும் வகுப்புகளுக்கு ஈடாக மாலை வகுப்போ, தேர்வுக்காலத்தில் பயிற்சிக் குறைப்போ செய்து தருவது அணியின் கடமை. காயமடைந்தவனின் இடத்தை உடனே வேறொருவனுக்குத் தந்து அவனை விடுதியிலிருந்து வெளியேற்றுவது அறமன்று.

பெற்றோர் கேட்க வேண்டியவை

தம் மகனை உயரத்துக்காகக் கல்லூரி அழைக்கும்போது பெற்றோர் மயங்கிவிடலாகாது. மருத்துவச் சோதனை செய்வார்களா? அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? ஆட முடியாமற்போனால் கட்டணச் சலுகை தொடருமா? பாடங்களில் தவறினால் யார் கைதூக்கி விடுவார்? இந்த நான்கு வினாக்களுக்கும் விடையைக் கடிதமாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். நல்ல பயிற்றுநர் இதைக் கேட்டுச் சினங்கொள்ள மாட்டார்.

உயரம் இயற்கை தந்தது. அதற்காக ஒருவன் உழைக்கவில்லை. திரும்பும் கால், தாழ்ந்து நிற்கும் இடுப்பு, சரியான கோணத்தில் பந்தை விடும் விரல் ஆகியவை உழைப்பால் வருவன. நெடியவனைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை. அவனை ஆட்டக்காரனாகவும் பட்டதாரியாகவும் ஆக்கி அனுப்புவது மூன்றாண்டு வேலை. முதல் வேலையைச் செய்பவர்கள் இரண்டாவதையும் ஏற்றுக்கொண்டால், மதுரைச் சீமையின் கபடிக் களம் ஒன்றிலிருந்து நாளை ஒரு நல்ல கூடைப்பந்து வீரன் எழுவதற்கு இயற்பியலில் எந்தத் தடையும் இல்லை.